கனகாவின் இடது கை

கனகா முதன்முதலாக அலறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். சாத்தங்கரை பெரிய ஆஸ்பத்திரியின் மாடியில் இருந்த நர்சிங் பயிற்சி வகுப்பில், செண்பகவடிவு என்கிற வடிவு தன் வாழ்க்கையின் முதல் ஊசியை அவளுடைய இடது கையில் இறக்கியபோது, "ஏட்டி, எலும்புல குத்துதியே, கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று அவள் போட்ட சத்தத்தில், ஜன்னல் விளிம்பில் குந்தியிருந்த புறாக்கள் எழும்பி எதிரே பஸ் ஸ்டாண்டு கூரைக்குப் போய்விட்டன. கனகா ரப்பரால் செய்த பொம்மை. ஊசி போடவும் கட்டுப் போடவும் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவும் பயிற்சிக்கு வந்த பெண்கள் பழகுவதற்காக வடக்கேயிருந்து லாரியில் வந்து இறங்கியவள், ஆள் உயரம் உள்ளவள், தலைமுடி இல்லாதவள், வந்த வருஷம் படித்த பெண்கள் ஏதோ விளையாட்டில் வைத்த பேர் அப்படியே நிலைத்துப்போனவள். அதுவரைக்கும் வாயைத் திறந்ததில்லை.

பாடம் எடுத்த எஸ்தர் டீச்சர் பொம்மையின் பக்கம் திரும்பக்கூட இல்லை. "எலும்பில குத்தினா யாருக்குத்தான் வலிக்காது? ஊசியை எடு வடிவு. ரெண்டு விரக்கடை கீழே இறங்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். அடுத்தவள் குத்தினாள். கனகா அதற்கும் அலறினாள். அதற்கடுத்தவளுக்கும் அலறினாள். மத்தியானச் சோற்று மணி அடிக்கும்போது வகுப்பில் திட்டு வாங்காதவள் என்று ஒருத்தியும் மிச்சமில்லை. அன்று சாயங்காலம் அந்த ரப்பர் கையில் தோளுக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் ஒரு கன்னிப்போன திட்டு தெரிந்தது.

வடிவுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. வகுப்பிலேயே மூத்தவள் அவள்தான். சின்ன வயதிலிருந்து பீடி சுற்றிப் பிழைத்தவள். இலையையும் தூளையும் பார்க்காமலே, எதிர்வீட்டுக்காரியோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே, விரல் பாட்டுக்குச் சுற்றிச் சுற்றித் தட்டில் போடுகிற கை அவளுடையது. லாரியில் குஜராத் பக்கம் போன புருஷன் அங்கேயே ஒரு குடித்தனம் வைத்துக்கொண்டான் என்று காதில் விழுந்த வருஷம், தூள் நெஞ்சில் இறங்கி இருமலும் கூடிப்போகவே, இந்த வேலையை விட்டுவிட்டு வேறொன்றைக் கற்றுக்கொண்டாக வேண்டும் என்று முடிவுசெய்து பயிற்சியில் சேர்ந்தாள். "பீடி சுத்துத கைக்கு இப்ப ஊசி கேக்குதாக்கும்" என்று தெருப் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அவர்கள் சொன்னதற்குத் தோதாக அந்தக் கையும் ஊசியைப் பிடித்ததும் நடுங்கியது. பார்க்காமல் செய்து பழகிய கைக்குப் பார்த்துச் செய்வது வரவில்லை. அதனால் வகுப்பிலேயே கனகாவிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவளும் வடிவுதான். "வந்துட்டா கசாப்புக்கடைக்காரி" என்றுதான் கனகா அவளை வரவேற்பாள்.

பொம்மை பேசுகிறது என்று தெரிந்ததும் ஊர் முதலில் சேலையோடு வந்தது. வலி தெரிகிற ஒரு பொம்பளை அம்மணமாகக் கிடக்கக்கூடாது என்று நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு பழைய நூல் சேலையைக் கொண்டுவந்து அவளுக்குச் சுற்றிவிட்டார்கள், கையில் கண்ணாடி வளையல் போட்டார்கள், நெற்றியில் பொட்டு வைத்தார்கள். கனகா அவர்களைப் பார்த்து, "வேடிக்கை பாக்க வந்தியளா, இல்ல நீங்களும் ஆளுக்கொரு குத்து குத்திட்டுப் போக வந்தியளா?" என்று கேட்டாள். பிறகு எலுமிச்சம்பழத்தோடும் குங்குமத்தோடும் ஆண்கள் வந்து, தொலைந்துபோன மாடு எந்தத் திசையில் நிற்கிறது, மகளுக்கு எப்போது கல்யாணம் கூடும் என்றெல்லாம் கேட்டார்கள். "எனக்கு ஊசியத் தவிர ஒண்ணும் தெரியாது, எந்திரிச்சுப் போங்கலே" என்றாள். குறி சொல்லாதது தெய்வமாக இருக்க முடியாது என்று கோயில்காரர்களும், ஜெபத்துக்கு அடங்காத வாயாக இருந்தாலும் பிசாசுக்குரிய அடையாளம் ஒன்றும் இல்லை என்று சபைக்காரர்களும் சொல்லிவிட்டார்கள். தெய்வமும் இல்லை, பேயும் இல்லை, வலித்தால் கத்துகிற ஒரு சாதாரணப் பொம்மைதான் என்று தெரிந்துபோனதும் ஊருக்கு அவள்மேல் இருந்த மரியாதை போய்விட்டது. சத்தம் மட்டும் மிஞ்சியது.

அந்தச் சத்தம் காலையில் வகுப்பு தொடங்கியதும் தொடங்கும். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர்ப்பேர் சொல்லிக் கூவுகிற நேரமும் அதுதான் என்பதால், அலறலுக்கு நடுவே பேர் சரியாகக் கேட்காமல் ஜனங்கள் தப்பான பஸ்ஸில் ஏறி வேறு ஊர்களில் போய் இறங்கினார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழுதன. பஸ் ஸ்டாண்டு வாசலில் டீக்கடை வைத்திருந்த ஆவுடையப்பன், கிளாஸை வாயருகே கொண்டுபோன ஆட்கள் அலறல் கேட்டதும் முகத்தைச் சுளித்துக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோவதைத் தினமும் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தான். பெண் பார்க்க வருகிறவர்கள், "பொம்மை உங்க பிள்ளையத் திட்டுச்சா?" என்று கேட்க ஆரம்பித்ததும் பயிற்சிப் பெண்களும் கனகாவை வெறுத்தார்கள். சிலர் வேண்டுமென்றே மொண்ணை ஊசியால் குத்தினார்கள். ஒருத்தி கனகாவின் வாயில் பஞ்சைத் திணித்து பிளாஸ்டர் போட்டு ஒட்டினாள். பிரயோஜனம் இல்லை. அப்போது சத்தம் குத்திய இடத்திலிருந்தே வந்தது.

ஆஸ்பத்திரி முதலாளி குற்றாலிங்கம் எதையும் நிதானமாகச் செய்கிறவர். ஒருநாள் மாடிக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வகுப்பு முழுவதும் கனகா அலறுவதைக் கேட்டுவிட்டு, எஸ்தர் டீச்சரை வெளியே கூப்பிட்டார்.

"கீழ தர்ம வார்டுல எத்தனை பேர் கெடக்காங்க, டீச்சர்?"

"கட்டில் எல்லாம் நிறைஞ்சுதான் இருக்கு, சார்."

"அவங்கள்ல யாராவது கத்துதாங்களா?"

எஸ்தர் டீச்சர் மாடிப்படியின் பக்கம் பார்த்தார்.

"இலவசமா வைத்தியம் பாக்கோம். ஒருத்தரும் கத்த மாட்டாங்க. நாளையிலருந்து பிள்ளைகளை அங்க கூட்டிட்டுப் போங்க. இந்தச் சனியனத் தூக்கி சாமான் ரூம்ல போடுங்க."

எஸ்தர் டீச்சர் பல வருஷம் வேலை பார்த்தவர். தப்பு நடக்கும்போது தப்பு என்று தெரிந்துகொள்கிற ஆள்தான். ஆனாலும் தலையை ஆட்டினார். கனகாவை நாலு பெண்கள் தூக்கிக்கொண்டுபோய், உடைந்த கட்டில்களுக்கும் பினாயில் கேன்களுக்கும் நடுவே சாத்தி வைத்துக் கதவை மூடினார்கள். ஊர் அன்றைக்கு நிம்மதியாக டீ குடித்தது.

தர்ம வார்டில் கிடந்தவர்கள் கல் உடைக்கிறவர்கள், சூளை வேலைக்காரர்கள், வீடு வாசல் இல்லாமல் வந்து சேர்ந்தவர்கள். குற்றாலிங்கம் சொன்னது நிஜம்தான், அவர்கள் கத்தவில்லை. கட்டிலை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்கிற பயத்தில், குத்துகிற பெண்ணுக்குச் சங்கடம் வந்துவிடக்கூடாது என்கிற மரியாதையில், கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். பெண்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஒரே வாரத்தில் எல்லோரும் தங்களுக்கு ஊசி போட வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

வடிவுக்கு வந்த கட்டிலில் கிடந்தவர் மந்திரமூர்த்தி. கல்குவாரியில் ஆயுசெல்லாம் கல் உடைத்து, தூசி நெஞ்சை அடைத்து வந்து படுத்திருந்தார். அவர் முழங்கைக்குக் கீழே ரப்பர் வாரை இறுக்கிக் கட்டிவிட்டு வடிவு நரம்பைத் தேடினாள். குத்தினாள், கிடைக்கவில்லை. பக்கத்தில் குத்தினாள், கிடைக்கவில்லை. ஊசியை உள்ளே வைத்தபடியே இப்படியும் அப்படியும் துழாவினாள்.

"வலிக்குதா, பெரியப்பா?"

"பரவால்ல தாயி. நீ பாரு."

"இங்கயா வலிக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. நீ ஒன் சோலியப் பாரு."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூரையைப் பார்த்தபடி சும்மா கிடந்தார். வடிவு தற்செயலாகக் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தாள். அவருடைய பாதங்களில் விரல்கள் உள்ளுக்குள் மடங்கி, நகம் உள்ளங்காலைக் கீறுகிற அளவுக்கு முறுக்கிக்கொண்டு இருந்தன. வடிவு ஊசியை உருவிவிட்டாள். எங்கே தப்புச் செய்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லவேண்டியவர் பரவாயில்லை என்கிறார். இவர் இப்படியே பரவாயில்லை பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால், நான் சாகிறவரைக்கும் இந்தத் தப்பையே செய்துகொண்டிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி, கைதேர்ந்தவள் மாதிரி, அடுத்தடுத்து குத்திக்கொண்டே போனாள். மறுநாள் மந்திரமூர்த்தியின் கை வீங்கியிருந்தது.

மத்தியானம் மற்ற பெண்கள் சாப்பிட உட்கார்ந்ததும் வடிவு சாமான் ரூமைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"கசாப்புக்கடைக்காரி" என்றாள் கனகா இருட்டில் இருந்தபடி.

"ஆமா, நான்தான். எனக்கு ஊசி போடச் சொல்லித் தா."

"ஏன், கீழ ஒனக்குக் கறி கிடைக்கலியா?"

"அவங்க வலிக்கலன்னு சொல்லுதாங்க."

கனகா, "ஒன்ன மாதிரி எத்தனை பேருட்டி. இந்தக் கையில குத்தாதவ கிடையாது. இன்னைக்கு மெட்ராஸ்லயும் துபாய்லயும் பெரிய நர்சா நிக்கிறவ எல்லாம் இங்கன குத்திப் பழகுனவதான். ஒருத்தியாவது வலிச்சுதான்னு கேட்டாளா? நான் ஒனக்குச் சொல்லித் தரணுமோ? போடி" என்றாள்.

வடிவு போகவில்லை. போகாமல் ஒரு பினாயில் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். கடைசியில் கனகாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"முதல்ல ஒன் கையில நீ குத்து. நான் பாக்கணும்."

வடிவு தன் இடது கையில் குத்திக்கொண்டாள். எலும்பில் பட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"எங்கன வலிச்சுது?"

"மேல. சுருக்குன்னு."

"ம். அதான் நான் அன்னைக்குக் கத்துனேன். இப்ப கீழ வா. நான் நிறுத்துன்னா நிறுத்தணும். நிறுத்தலன்னா ஊரக் கூட்டிருவேன்."

இப்படித் தொடங்கியது. மத்தியான நேரங்களில், பினாயில் நாற்றத்துக்கு நடுவே, வடிவு கற்றுக்கொண்டாள். கனகா ஒருநாளும் அன்பாகச் சொன்னதில்லை. திட்டித் திட்டியே சொன்னாள். சீலையைத் துவைக்கிற மாதிரி தோலைப் பிசையாதே என்பாள். குத்துகிறவள் மூச்சைப் பிடித்தால் கையும் மரத்துப்போகும், மூச்சை விடு என்பாள். உள்ளே போனபிறகு யோசிக்கிறவள் வெளியே இருக்கும்போது என்ன செய்தாள் என்பாள். ஒருநாள் நரம்பைத் தேடித் தேடி வடிவின் நெற்றியில் வியர்வை வழிந்தபோது, "கண்ண மூடுட்டி!" என்று கத்தினாள். "ஒனக்குக் கண்ணு ஆகாது. பீடிய எப்படிச் சுத்துன? பாத்தா சுத்துன? வெரலால பாரு!" வடிவு கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் அந்த ரப்பர் தோலைத் தடவினாள். அடியில் ஒன்று மெத்தென்று, விட்டால் நழுவிவிடுவேன் என்கிற மாதிரி, ஓடியது. அவள் கை நடுங்கவில்லை. ஊசி உள்ளே போனது. கனகா முனகினாள். அலறவில்லை.

"இப்ப?"

"வலிக்கத்தான் செய்யி. பொழைச்சுக் கெடப்பேன். திரும்பப் போடு."

திரும்பப் போட்டாள். அது தப்பிப்போனது. கனகா போட்ட சத்தம் சாத்திய கதவைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுவரைக்கும் போனது.

ஊருக்குக் கோபம் வந்தது. பழைய கோபத்தைவிடப் பெரிய கோபம். முதலில் வந்த சத்தத்தை அது பொறுத்துக்கொண்டது. ஒருமுறை கிடைத்த நிம்மதி பறிபோனதை அதனால் பொறுக்க முடியவில்லை. சாமான் ரூமில் வைத்து பீடிக்காரி ஒருத்தி பொம்மையைக் கிளப்பிவிடுகிறாள் என்று தெரிந்ததும், வடிவு தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தவில்லை. அவள் வீட்டு வாசலில் எவனோ சாணியைக் கரைத்து ஊற்றினான். "நீ கத்துக்கிடுததுக்கு நாங்க காது கொடுக்கணுமா?" என்று ஆவுடையப்பன் நடுரோட்டில் அவளை மறித்துக் கேட்டான். "ஊர்ல எத்தனை பேர் சத்தமில்லாம தொழில் கத்துக்கிடுதான். ஒனக்கு மட்டும் என்ன?"

"சத்தமில்லாம கத்துக்கிட முடியாது அண்ணாச்சி. சத்தத்த யாரோ முழுங்கிக்கிடுதாங்க, அவ்வளவுதான்" என்றாள் வடிவு.

அவன் கீழே துப்பினான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். ஆவுடையப்பன் முன்னால் வந்தான், ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், கண்டக்டர்கள் வந்தார்கள், இடுப்பில் பிள்ளையோடு தாய்மார்கள் வந்தார்கள், முன்பு சேலை கட்டிவிட்ட பெண்களும் வந்தார்கள். குற்றாலிங்கம் வாசலில் நின்று, "தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்று வழிவிட்டார். சாமான் ரூமில் வடிவு கதவுக்குக் குறுக்கே நின்றாள். இரண்டு பேர் அவளைப் பிடித்து ஒதுக்கித் தள்ளியதில் கட்டில் சட்டம் நெற்றியில் இடித்து ரத்தம் வந்தது. கனகாவை ஒரு ஸ்டிரெச்சரில் போட்டு, கயிற்றால் கட்டித் தூக்கினார்கள். வெளியே போவதற்கு தர்ம வார்டின் வழியாகத்தான் போகவேண்டும். அவ்வளவு தூரமும் தூக்கியவர்களைப் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தவள், வார்டுக்குள் வந்ததும் வாயை மூடினாள். இருபக்கமும் கட்டில்களில் கிடந்தவர்களைப் பார்த்தாள். ஊசி ஏறின கைகள், வீங்கின கைகள், போர்வைக்குள் ஒளித்துவைத்த கைகள், எல்லாவற்றையும் பார்த்தாள்.

"நான் ரப்பர்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கே வலிக்கு. ஒங்களுக்கு என்னவே கேடு, வாயப் பொத்திட்டுக் கெடக்கிய?"

தூக்கினவர்கள் வேகமாக வெளியே போய்விட்டார்கள்.

பழைய இரும்புக் கடைக்காரர் பேசுகிற சாமானைத் தராசில் வைக்க மாட்டேன் என்று கடையைச் சாத்திக்கொண்டார். அதனால் ஊருக்கு வெளியே, கல் எடுத்து எடுத்துக் கிணறுபோல ஆழமாகிவிட்ட பழைய குவாரிக்குக் கொண்டுபோனார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள், விளிம்புக்கு இழுத்துவந்தார்கள். அவள் கெஞ்சுவாள் என்று பார்த்தார்கள். தள்ளினார்கள். பாறையில் மோதி மோதிக் கீழே போகிற சத்தம் கேட்டது. அந்தக் கூட்டம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, கீழேயிருந்து வரப்போகிற அலறலுக்காகக் காத்து நின்றது. எவ்வளவோ நேரம் நின்றது. கனகா அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. வெயில் இறங்கியதும் ஒவ்வொருவராக, ஏதோ பறிகொடுத்த மாதிரி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் தர்ம வார்டில் ஒரு பெண் மந்திரமூர்த்தியின் கையில் ஊசியை இறக்கினாள். அவர் வழக்கம்போல் கூரையைப் பார்த்தார். வழக்கம்போல் கால்விரல்கள் மடங்கின. அதன்பிறகு, அவருடைய வாய் தானாகத் திறந்தது.

"ஏ வலிக்குதுட்டி!"

அவருக்கே அது யாருடைய சத்தம் என்று தெரியவில்லை. குவாரியில் வெடி வைக்கும்போது விலகிப்போகச் சொல்லிக் கத்துகிற குரல் அது. பல வருஷமாக அவர் அதைத் தனக்காக எடுத்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் கிடந்த சூளைக்காரி, "எனக்கும் வலிக்கு!" என்றாள். "இங்க பாருங்கம்மா, இந்தக் கையே வராது போல" என்று மூலையிலிருந்து ஒருவர் அழுதார். அப்புறம் வார்டு முழுவதும் எழுந்து உட்கார்ந்து கத்தியது. கத்தக் கத்த, குத்துகிற பெண்கள் ஊசியை உருவிக்கொண்டு கட்டிலை விட்டு விலகினார்கள். தங்களுக்கு ஊசி போடத் தெரியாது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆவுடையப்பன் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தான். இந்தமுறை குரல்கள் அவனுக்கு அடையாளம் தெரிந்தன. அவனுடைய சொந்தக்காரர்களின் குரலும் அதில் இருந்தது. அதனால் அவன் கோபம் இன்னும் கூடியதே தவிர குறையவில்லை.

குற்றாலிங்கம் கத்தினவர்களை எல்லாம் வெளியே அனுப்பினார். கத்தாதவர்கள் இல்லை. சாயங்காலத்துக்குள் கட்டில்கள் காலியாகிவிட்டன. வடிவை அழைத்து, இனிமேல் இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று சொன்னார். அவள் பயிற்சிக்கு உடுத்தின வெள்ளைப் புடவையை மாற்றி, மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வந்தவள் நேராகப் போனது மந்திரமூர்த்தியின் குடிசைக்கு. அவர் கை அதற்குள் முழங்கைவரைக்கும் சிவந்து சூடேறி இருந்தது. அவரை ஒரு ஆட்டோவில் ஏற்றி, பக்கத்து ஊர் சர்க்கார் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். சாத்தங்கரை ஆட்டோக்காரர்கள் வர மறுத்ததால், ரோட்டில் போன வெளியூர் ஆட்டோவை நிறுத்தினாள். டாக்டரம்மா கையைக் கீறிவிட்டு, சீழை எடுத்து, கட்டுப்போட்டு, "காலையும் சாயங்காலமும் ஊசி போடணும். போடத் தெரிஞ்ச ஆள் உண்டா?" என்று கேட்டாள்.

வடிவு வாயைத் திறப்பதற்குள் மந்திரமூர்த்தி, "தெரியாது. கத்துக்கிட்டு இருக்கா" என்றார்.

டாக்டரம்மா வடிவைத் தன் எதிரிலேயே ஒரு ஊசி போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, மருந்தைக் கொடுத்தனுப்பினாள்.

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் அந்தத் தெருவில் மந்திரமூர்த்தியின் குரல் கேட்டது. ஆயுசு முழுக்க உள்ளே போட்டு அமுக்கிவைத்த திட்டுகளை எல்லாம் அவர் வடிவுக்கென்றே சேர்த்துவைத்திருந்தவர் மாதிரி எடுத்து எடுத்து வீசினார். நாசமாப் போறவளே என்றார், மாட்டு வைத்தியன்கூட இப்படிக் குத்த மாட்டான் என்றார், இது வெட்டின கல்லு இல்லை, கை என்றார். வடிவு ஒருவார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டாள், கேட்டபடி விரலை நகர்த்தினாள், சாய்வை மாற்றினாள், மூச்சை விட்டாள். அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் படார் படார் என்று சாத்தப்பட்டன. அவள் தெருவுக்குள் நுழைந்தாலே சாத்தினார்கள். யாரோ ஒருநாள் அவள் முதுகில் கல்லெறிந்தார்கள்.

கை ஆறிவருகிற சமயத்தில் ஒரு சாயங்காலம் எஸ்தர் டீச்சர் அந்தக் குடிசைக்கு வந்தார். வெயில் காலத்திலும் மணிக்கட்டுவரை நீண்ட கை வைத்த ரவிக்கை போட்டிருந்தார். உட்கார்ந்ததும் வியர்வையில் கையை மடித்து மேலேற்றிவிட்டார். மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும் நீலமும் கருப்புமாகக் கன்னிப்போன திட்டுகள். வடிவு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வார்டில ஆளில்ல, பொம்மையும் இல்ல. பிள்ளைங்க பழகணுமே" என்றார் எஸ்தர் டீச்சர். "என் கையைக் கொடுக்கேன். எங்க வலிக்குதுன்னு சொல்லுதேன். முதல்ல வாயே வரல வடிவு. வலிக்குதுன்னு சொல்ல எனக்கே நாலஞ்சு நாளாச்சு. முதலாளிக்குத் தெரிஞ்சா என்னையும் போகச் சொல்லுவாரு. சொல்லட்டும்." பிறகு பாட வகுப்பில் இருக்கிற குரலுக்கு வந்து, "நீ உன் பரீட்சையை எழுதாம போயிட்ட. போடு, நான் பார்க்கேன்" என்றார்.

வடிவு கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மருந்தை ஏற்றினாள். மந்திரமூர்த்தி அவள் கிட்டே வரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"பாவி மட்ட, வந்துட்டா. அங்க இல்ல. கீழ. இன்னும் கீழ வாட்டி. நேத்துக் குத்துன எடத்துலயே கொண்டாந்து வைக்கியே, ஒனக்கு மனசாட்சி உண்டா?"

வடிவு விரலைக் கீழே இறக்கினாள். கண்ணை மூடினாள். எதிர்வீட்டு ஜன்னல் அறைந்து சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் கை அசையவில்லை. ஊசி உள்ளே போய், மருந்து இறங்கி, வெளியே வந்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வலிச்சுதாய்யா?" என்று கேட்டார் எஸ்தர் டீச்சர்.

மந்திரமூர்த்தி, ஒரு பெரிய வழக்கில் சாட்சி சொல்லக் கூப்பிட்ட மனிதரைப்போல, ஒரு சொல்கூடக் கூடவோ குறையவோ கூடாது என்கிற கவனத்தோடு, கண்ணைச் சுருக்கி யோசித்தார்.

"வலிச்சுது" என்றார்.

"எவ்வளவு?"

"ஒரு கட்டெறும்பு கடிச்ச அளவு." கையைத் திருப்பிப் பார்த்தார். "பெரிய கட்டெறும்பு இல்ல. சின்னதுதான்."

எஸ்தர் டீச்சர் தலையை ஆட்டினார். "பாஸ்" என்று சொல்லிவிட்டு ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

வடிவு பஞ்சை எடுத்தாள். ரத்தம் நின்றிருந்தது.

"காலையில வாரேன் பெரியப்பா" என்றாள். "நாளைக்குச் சித்தெறும்பு ஆக்கிடுதேன்."

"ஆக்காட்டா ஒன்ன விடுவேனாட்டி?" என்றார் மந்திரமூர்த்தி.